டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளையைப் போட்டி ஓட்டத்துக்கு அனுப்பலாமா?

ஓட்டக்காரியின் அம்மா:
என் மகளுக்கு வயது 14. நான்கு ஆண்டுகளாக இன்சுலின் போடுகிறாள். இன்று மாலை 400 மீட்டர் பயிற்சிக்கு முன் சர்க்கரை 130. ஐந்து முறை ஓடி முடித்ததும் 248! ஓடினால் குறையும் என்றுதானே சொல்கிறார்கள்? பதறிப்போய்க் கூடுதலாக ஊசி போட்டுவிட்டேன். ஓட்டமே வேண்டாம் என்கிறார் அவள் அப்பா.

பழைய பயிற்சியாளர்:
அவர் சொல்வதே சரி, அம்மா. நெடுந்தூர ஓட்டப் பயிற்சியில் ஒரு பையன் கை நடுங்கி, சட்டையெல்லாம் நனைந்து, என் கண்முன் சுருண்டு விழுந்தான். தனக்கு இந்த நோய் இருப்பதையே அவன் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. பதக்கத்தைவிடப் பிள்ளை பெரிது.

ஊசியோடு வளர்ந்தவன்:
ஐயா, சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவீர்கள் என்று பயந்துதானே மறைத்திருப்பான்? நானும் அப்படி மறைத்தவன்தான்.

அம்மா, முழு வேகத்தில் ஓடும்போது அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது. மற்ற பிள்ளைகளுக்கு ஓடி முடித்ததும் கணையம் இன்சுலினைக் கூட்டிச் சரிசெய்துவிடும். டைப் 1 என்பதால் இவள் கணையம் இன்சுலின் சுரப்பதில்லை; ஊசியில் போட்டது மட்டுமே. மெதுவாக நெடுநேரம் ஓடினால்தான் ஓடும்போதே இறங்கும். அந்தப் பையனுக்கு நடந்தது அது. ஆனால் கடும் பயிற்சிக்குப் பிறகு, காலியான சேமிப்பை நிரப்பத் தசைகள் இரவெல்லாம் சர்க்கரையை இழுக்கும். கூடுதல் ஊசி வேறு போட்டிருக்கிறீர்கள். இன்று நள்ளிரவில் கட்டாயம் சர்க்கரை எடுத்துப் பாருங்கள்.

அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் ஜூனியருக்கு 1999இல் டைப் 1 என்று தெரிந்தது. மறு ஆண்டே சிட்னி ஒலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார்.

பழைய பயிற்சியாளர்:
ஒலிம்பிக் வீரரைக் கவனிக்க ஆளுண்டு, தம்பி. நம் பள்ளி மைதானங்களில் குளுக்கோமீட்டரைப் பிடிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?

ஓட்டக்காரியின் அம்மா:
இரவு 2 மணி. 61. கழுத்தெல்லாம் வியர்வை. எழுப்பி உட்காரவைத்து குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து 94. இப்போது பிஸ்கட் சாப்பிடுகிறாள். 'நாளைக்கும் ஓடுவேன்' என்கிறாள்.

பழைய பயிற்சியாளர்:
நாளை ஒரு நாள் ஓய்வு கொடுங்கள், அம்மா. மருத்துவரிடம் இந்த எண்களைக் காட்டி, பயிற்சி நாளின் ஊசி அளவைக் கேளுங்கள். மாலைப் பயிற்சியைக் காலைக்கு மாற்றச் சொல்லுங்கள். இறங்கினால் எல்லோரும் விழித்திருப்பார்கள். போட்டிக்கு நான் இன்னும் ஒப்பவில்லை. அவளுடைய பயிற்சியாளரின் பையில் குளுக்கோஸ் இருக்கிறதா என்று முதலில் கேட்டுச் சொல்லுங்கள்.