சால்டரிங் புகையை வெளியேற்ற வீட்டிலேயே எக்ஸாஸ்ட் அமைப்பது எப்படி?

பீளமேட்டுப் பட்டறை (கேள்வி):

வணக்கம். கோவையில் எங்கள் வீட்டு மாடியில் 10-க்கு 10 அடி அறை ஒன்றில் ஆம்ப்ளிஃபயர், இன்வெர்ட்டர் போர்டுகளைப் பழுது பார்த்து வருகிறேன். பகல் முழுவதும் சால்டரிங் அயர்ன் சூடாகவே இருக்கும். அவ்வப்போது ஸ்பீக்கர் பெட்டிகளுக்குத் தின்னர் கலந்து லாக்கர் (பளபளப்புப் பூச்சு) அடிப்பதும் உண்டு. மேற்குச் சுவரில் கூரையை ஒட்டி 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. ஆனாலும் புகை என் முகத்தைக் கடந்த பிறகே அதை நோக்கிப் போகிறது. ஆடிக் காற்றில் வெளியேறியது அப்படியே திரும்பி வருகிறது. 12 அங்குல ஃபேன் மாட்டினால் தீருமா? அல்லது மேசைமீது கணினி ஃபேன் ஒன்றைப் பெட்டியில் பொருத்தி, குழாய் வழியாக வெளியே விடலாமா? வீட்டில் சிறு குழந்தை இருப்பதால் ஈயத்தை நினைத்தும் கவலையாக இருக்கிறது.

லேத்துக்காரர்:

தம்பி, பெரிய ஃபேன் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். கூரையோரத்து ஃபேன் அறையின் காற்றை மாற்றுமே தவிர, பிட்டின் (சால்டரிங் அயர்னின் சூடான முனை) நுனியிலிருந்து எழும் புகையை உங்கள் மூக்குக்கு முன்னால் பிடிக்காது. சூட்டினால் புகை நேராக மேலே ஏறுகிறது. நீங்களோ போர்டின்மேல் குனிந்திருக்கிறீர்கள். ஆகவே உறிஞ்சும் வாய் வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

எவ்வளவு அருகில் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இத்தகைய புகையைப் பிடிக்க, அது எழும் இடத்தில் காற்று நொடிக்கு அரை மீட்டர் வேகத்திலாவது நகர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 4 அங்குலக் குழாயின் வாயை 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் இதற்கு மணிக்கு ஏறத்தாழ 200 கனமீட்டர் காற்று போதும்; 20 சென்டிமீட்டருக்கு விலக்கினால் 700 கனமீட்டருக்கும் மேல் தேவைப்படும். வாயைச் சுற்றிப் பிளைவுட்டில் அகலமான விளிம்பு ஒன்று வெட்டிப் பொருத்தினால், பின்புறத்திலிருந்து வீணாக வரும் காற்று தடுக்கப்பட்டு, இந்தத் தேவையில் கால் பங்கு வரை மிச்சமாகும்.

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருவது உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்கு நேர் எதிரே ஊதும் ஃபேன் என்ன செய்ய முடியும்? புதிய குழாயைக் கிழக்கிலோ வடக்கிலோ வெளியே எடுத்து, மழை புகாதபடி முனையில் கீழ்நோக்கி ஓர் எல்போ மாட்டுங்கள். வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். கதவு சன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஃபேன் இழுக்கவில்லை என்று குறை சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சர்க்யூட் பித்தன்:

மேலே சொன்னதை ஏற்கிறேன். கணினி ஃபேனைப் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அதன் உறையில் அச்சிட்டிருக்கும் காற்றளவு, முன்னும் பின்னும் தடையே இல்லாதபோது கிடைப்பது. குழாயும் இரண்டு வளைவுகளும் கொசுவலையும் சேர்ந்தால் அதில் சிறு பங்குதான் மிஞ்சும், ஏனெனில் அந்த வகை இறக்கைகளுக்கு எதிரழுத்தத்தைத் தாங்கித் தள்ளும் வலு இல்லை. குழாய்க்கென்றே செய்யப்பட்ட இன்லைன் ஃபேன் அல்லது ப்ளோயர் வாங்குங்கள். 6 அங்குல அளவில் வாங்கி வேகத்தைக் குறைத்து ஓட்டினால் இரைச்சலும் குறையும். மடங்கும் அலுமினியக் குழாயை நகர்த்த வேண்டிய கடைசிப் பகுதிக்கு மட்டும் வைத்து, அதையும் சுருக்கம் இல்லாமல் இழுத்துப் பொருத்திவிட்டு, மீதிக்கு வழவழப்பான பிவிசி பைப்பே போடுங்கள்.

ஈயம் பற்றிய கவலை நியாயமானதுதான், ஆனால் அது வரும் வழி வேறு. 63/37 சால்டர் கம்பி (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) 183 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. ஈயம் கொதிப்பதோ 1,749 டிகிரியில். 350 டிகிரி பிட்டிலிருந்து எழும் புகை பெரும்பாலும் ஃப்ளக்ஸில் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பொருள்) உள்ள பைன் பிசினுடையது. அது ஆஸ்துமாவை வரவழைக்கக் கூடியது என்பதால் அதையும் அலட்சியம் செய்ய முடியாது. ஈயம் உடலுக்குள் போவது முக்கியமாகக் கையில் ஒட்டி வாய் வழியாகத்தான். மேசையை ஈரத்துணியால் துடையுங்கள், அங்கே தேநீர் குடிக்காதீர்கள், குழந்தையைத் தூக்குவதற்கு முன் சோப்புப் போட்டுக் கைகழுவிச் சட்டையையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

தச்சுக்கூடம்:

லாக்கரைப் பற்றி யாரும் பேசவில்லையே! தின்னரில் பெரும்பாலும் இருக்கும் டொலுவீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடுகிறது. கோவையில் எந்த மாதமும் அதற்குக் குளிர்காலம் அல்ல. அதன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது என்பதால் தரையில் படியும், உங்கள் கூரையோர ஃபேனுக்கு எட்டாது. சாதாரண ஃபேனின் சுவிட்சிலும், கார்பன் பிரஷ் உள்ள மோட்டாரிலும் பொறி பறக்கும். ஆகவே சால்டரிங்குக்காக அமைக்கும் குழாயைக் கொண்டு லாக்கர் ஆவியை ஒருபோதும் இழுக்காதீர்கள். மொட்டை மாடியில் திறந்த வெளியில், கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் முகமூடியுடன் அடியுங்கள். என்95 தூசிக்குத்தான், ஆவியை அது தடுக்காது.

பீளமேட்டுப் பட்டறை:

மூவருக்கும் நன்றி. லாக்கர் வேலையை மொட்டை மாடிக்கே மாற்றிவிடுகிறேன். லேத்துக்கார ஐயா, சித்திரை வெயிலில் சீலிங் ஃபேன் இல்லாமல் அந்த அறையில் உட்கார முடியாது. இரண்டையும் சேர்த்து ஓட்டலாமா?

லேத்துக்காரர்:

சீலிங் ஃபேன் ஓடினால் குழாய் வாயில் நீங்கள் பாடுபட்டு உண்டாக்கிய அரை மீட்டர் வேகம் கலைந்து போகும். சிறிய டேபிள் ஃபேன் ஒன்றை மேசைக்குக் கீழே, காலில் மட்டும் காற்றுப் படும்படி வைத்துப் பாருங்கள். பிறகு போர்டு இருக்கும் இடத்தில் ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை வளைந்து முழுவதும் குழாய்க்குள் போனால் அந்த வேகத்தில் வைத்துக்கொள்ளலாம், சிதறினால் டேபிள் ஃபேனின் வேகத்தைக் குறைக்க வேண்டும் அல்லது வாயை இன்னும் இரண்டு விரற்கடை அருகே நகர்த்த வேண்டும்.