இரு பிரிவு, முன்தேர்வு–பின்தேர்வு: எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் எந்தச் சோதனை சரி?

எம்எட்_மாணவி:
வணக்கம். எம்.எட். ஆய்வேட்டுக்கு எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் உதவி தேவை. 9ஆம் வகுப்பு அறிவியல். 'அ' பிரிவுக்குக் கருத்து வரைபட முறையிலும் 'ஆ' பிரிவுக்கு வழக்கமான முறையிலும் ஒரே பாடம் நடத்தப்பட்டது. 25 மதிப்பெண்ணுக்கு முன்தேர்வு, பின்தேர்வு. மொத்தம் 80 பேர். இரண்டு பேர் பின்தேர்வுக்கு வரவில்லை, அங்கே 'ஏபி' என்று போட்டிருக்கிறேன். மீதி 38, 40.

பேர்டு டி சோதனை (ஒரே குழுவின் முன்தேர்வு, பின்தேர்வுச் சராசரிகளை ஒப்பிடுவது) செய்ததில் 'அ' பிரிவுக்கு சிக். (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இந்த அளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.03, 'ஆ' பிரிவுக்கு 0.06. ஒன்றில் முன்னேற்றம் இருக்கிறது, மற்றதில் இல்லை, அதனால் புதிய முறையே சிறந்தது என்று முடிவு எழுதலாமா?

இதோடு 30 கூற்றுகள் கொண்ட மனப்பான்மை அளவுகோலும் உண்டு (5 புள்ளி, 8 எதிர்மறைக் கூற்றுகள், 4 பரிமாணங்கள்). பதில் விட்ட இடங்களில் 99. க்ரான்பாக் ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் நம்பகத்தன்மை எண்) குறைவாக, 0.41 வருகிறது. வேறு கருவி தேட வேண்டுமா?

தரவுத்தாள்:
கருவியை மாற்றாதீர்கள். 0.41 வந்ததற்குக் காரணம் அநேகமாகத் தரவுத்தாளில்தான் இருக்கிறது.

முதலில் 99. அது விடுபட்ட மதிப்பு என்று நீங்கள் சொல்லாதவரை எஸ்.பி.எஸ்.எஸ். அதை மதிப்பெண்ணாகவே எடுத்துக்கொள்ளும். 78 பேரில் மூன்று பேருக்கு 99 இருந்தாலே, 3.2 இருக்க வேண்டிய கூற்றின் சராசரி ஏறத்தாழ 6.9 ஆகிவிடும். வேரியபிள் வியூவில் 'மிஸ்ஸிங்' கட்டத்தைத் திறந்து 99 என்று கொடுங்கள். பிறகு டிஸ்கிரிப்டிவ்ஸ் ஓட்டி மினிமம், மேக்ஸிமம் பாருங்கள். 30 கூற்றுகளில் எதிலும் 1க்குக் கீழோ 5க்கு மேலோ இருக்கக் கூடாது. 44, 55 என்று விரல் தவறி அடித்தவையும் இங்கேயே பிடிபடும்.

அதன் பிறகுதான் எதிர்மறைக் கூற்றுகளைத் திருப்ப வேண்டும் (1ஐ 5 ஆக, 5ஐ 1 ஆக). டிரான்ஸ்ஃபார்ம் → கம்ப்யூட் வேரியபிள் போய், 6இலிருந்து பழைய மதிப்பைக் கழியுங்கள். 99ஐ அறிவிக்காமல் திருப்பினால் −93 என்று ஒரு மதிப்பு உட்காரும். புதிய பெயரில் சேமியுங்கள். பழைய நெடுவரிசையின் மேலேயே எழுதினால், மறந்துபோய் இன்னொரு முறை ஓட்டும்போது திருப்பியது பழையபடி ஆகிவிடும்.

இப்போது அனலைஸ் → ஸ்கேல் → ரிலையபிலிட்டி அனாலிசிஸ். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பொத்தானுக்குள் 'ஸ்கேல் இஃப் ஐட்டம் டெலீட்டட்' டிக் செய்யுங்கள். அந்த அட்டவணையில் கூற்றுக்கும் மொத்தத்துக்குமான ஒட்டுறவு எதிர்க்குறியில் வந்தால், அந்தக் கூற்று திருப்பப்படவில்லையா என்று முதலில் பாருங்கள். பரிமாணவாரியாக முடிவு எழுதப்போவதால் ஆல்ஃபாவையும் நான்கு பரிமாணங்களுக்கும் தனித்தனியே எடுக்க வேண்டும்.

மொத்த மதிப்பெண்ணுக்கு சம் ஃபங்ஷன் வேண்டாம். அது விடுபட்டதை விட்டுவிட்டு மீதியைக் கூட்டும், பதில் விட்ட மாணவருக்கு மனப்பான்மையே குறைவு என்று ஆகிவிடும். கம்ப்யூட்டில் மீன்.27 என்று போட்டால், குறைந்தது 27 கூற்றுகளுக்குப் பதில் தந்தவர்களுக்கு மட்டும் சராசரி கணக்கிடும்.

'ஏபி' இருக்கும் கட்டங்களைக் காலியாக விடுங்கள், இல்லையென்றால் அந்த நெடுவரிசை எழுத்து வகையாக மாறக்கூடும். இரண்டு பிரிவும் ஒரே தாளில், மாணவருக்கு ஒரு வரிசை, குழுவுக்கு 1/2 என்று ஒரு நெடுவரிசை. எக்செலின் அடியில் 'சராசரி' வரிசை இருந்தால் நீக்குங்கள், அதையும் 81ஆவது மாணவராக எண்ணிவிடும்.

கட்டுப்பாட்டுக்குழு:
பேர்டு டி விஷயத்துக்கு வருகிறேன். அப்படி முடிவு எழுதக் கூடாது. ஆய்வேடுகளில் இது நிறையவே நடக்கிறது, வாய்மொழித் தேர்வில் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

உங்கள் கேள்வி 'இரு முறைகளுக்கும் இடையே வேறுபாடு உண்டா' என்பது. நீங்கள் ஓட்டிய இரண்டு சோதனைகளிலும் குழுக்கள் ஒன்றோடொன்று ஒப்பிடப்படவே இல்லை. 0.03க்கும் 0.06க்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது. ஒன்று 0.05 என்ற வழக்கமான கோட்டைத் தாண்டியது, மற்றது தாண்டவில்லை என்பதாலேயே இரு குழுக்களின் முன்னேற்றமும் வேறுபட்டது என்று ஆகாது.

நேரடியாக ஒப்பிட ஆன்கோவா செய்யுங்கள், அது முன்தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் கொண்டு பின்தேர்வுச் சராசரிகளை ஒப்பிடும். அனலைஸ் → ஜெனரல் லீனியர் மாடல் → யூனிவேரியட். டிபெண்டன்ட் பெட்டியில் பின்தேர்வு, ஃபிக்ஸ்டு ஃபேக்டரில் குழு, கோவேரியட்டில் முன்தேர்வு. ஆப்ஷன்ஸில் 'எஸ்டிமேட்ஸ் ஆஃப் எஃபெக்ட் சைஸ்' டிக் செய்யுங்கள்.

அதற்கு முன் ஒரு முறை, மாடல் பொத்தானுக்குள் குழு, முன்தேர்வு, இரண்டும் சேர்ந்த இடைவினை ஆகிய மூன்றையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். இடைவினைக்கு சிக். 0.05க்குக் கீழே வந்தால், புதிய முறையின் பயன் மாணவரின் தொடக்கநிலையைப் பொறுத்து மாறுகிறது என்று பொருள். அப்போது 'சராசரியாக இவ்வளவு கூடியது' என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. அதற்குக் கீழே வராவிட்டால் இடைவினையை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

எஸ்.பி.எஸ்.எஸ். உரிமம் இல்லையென்றால் ஜமோவி என்ற மென்பொருள் இலவசம். அனோவா மெனுவுக்குள்ளேயே ஆன்கோவா இருக்கிறது, எஸ்.பி.எஸ்.எஸ்.ஸின் தரவுக் கோப்பையும் அப்படியே திறக்கும்.

எம்எட்_மாணவி:
மிக்க நன்றி. ஆன்கோவா புரிகிறது, ஆனால் வழிகாட்டி டி சோதனையும் கட்டாயம் வேண்டும் என்கிறார். அதோடு பாலினம், பயிற்றுமொழி, இருப்பிடம், பள்ளி வகை, பெற்றோர் கல்வி ஆகிய 5 மாறிகளுக்கும் 4 பரிமாணங்களிலும் டி சோதனை போடச் சொல்கிறார்.

நிலைகுலையா_சராசரி:
பின்தேர்வுக்கு இண்டிபெண்டன்ட் சாம்பிள்ஸ் டி (இரு தனிக் குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுவது) போடலாம். அட்டவணையில் முதலில் வரும் சிக்., இரு குழுக்களின் மதிப்பெண் பரவலும் சமமா என்று பார்க்கும் லெவீன் சோதனைக்குரியது. அதை டி சோதனையின் முடிவாக எழுதிவிடாதீர்கள். புதிய பதிப்புகளில் ஒருபக்க, இருபக்க மதிப்புகள் இரண்டும் வரும். 'வேறுபாடு இல்லை' என்பது உங்கள் இன்மைக் கருதுகோள் என்றால் இருபக்க மதிப்பைத்தான் எடுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக சராசரிகள் 17.8, 15.4, திட்ட விலக்கங்கள் 4.0, 4.4, எண்ணிக்கை 38, 40 என்றால் டி 2.52, டி.எஃப். (கட்டின்மைப் படிகள்) 76, பி (சிக். மதிப்பு) 0.014, கோஹென் டி (வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதன் அளவு) 0.57. இந்தக் கடைசி எண்ணையும் கட்டாயம் எழுதுங்கள். 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்பது பொதுவான அளவுகோல். சிக். கட்டத்தில் .000 வந்தால் பூஜ்யம் என்று எழுதாமல் பி < 0.001 என்று எழுதுங்கள்.

5 × 4 = 20 சோதனைகள் என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. உண்மையில் எந்த வேறுபாடுமே இல்லாவிட்டாலும், 0.05 நிலையில் சராசரியாக ஒன்று 'குறிப்பிடத்தக்கது' என்று வரும். சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், குறைந்தது ஒன்றாவது அப்படி வர 64 விழுக்காடு வாய்ப்பு. காரணம் சொல்லக்கூடிய மாறிகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். இருபதும் வேண்டும் என்றால் எல்லையை 0.05/20 = 0.0025 ஆக்கி, அதைச் செயல்முறை அத்தியாயத்தில் எழுதுங்கள். பெற்றோர் கல்வியில் மூன்று நான்கு நிலைகள் இருக்குமே, அதற்கு டி பொருந்தாது, இரண்டுக்கு மேற்பட்ட குழுக்களை ஒப்பிடும் ஒருவழி அனோவாதான். எல்லா மாணவரும் ஒரே பள்ளி என்றால் பள்ளி வகையை ஒப்பிட வழியே இல்லை.

ஆன்கோவா பற்றி இன்னொன்று. மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரிக்காமல் இருக்கிற பிரிவுகளை அப்படியே எடுத்திருக்கிறீர்கள். முன்தேர்விலேயே இரு பிரிவுகளின் சராசரியும் வெகுவாக வேறுபட்டால், ஆன்கோவாவும் முன்னேற்ற மதிப்பெண்ணின் டி சோதனையும் வெவ்வேறு முடிவு தரலாம். 1967இல் புள்ளியியலாளர் ஃபிரெடெரிக் லார்ட் சுட்டிக்காட்டிய சிக்கல் இது. எது சாதகமாக வந்ததோ அதை எடுத்துக்கொள்ளாமல், இப்போதே ஒன்றைத் தேர்ந்துவிடுங்கள்.

கட்டுப்பாட்டுக்குழு:
லார்ட் பற்றிச் சொன்னது சரி. ஒரு பிரிவு, ஒரு முறை என்று இருப்பதால் ஆசிரியர், பாடவேளை, பிரிவின் சூழல் எல்லாம் முறையோடு கலந்தே இருக்கும். அதை எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. இரண்டு பிரிவுக்கும் ஒரே ஆசிரியர்தானா என்பதை ஆய்வின் வரம்புகளில் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டளையிலும் ஓகேக்குப் பதில் பேஸ்ட் அழுத்தி, வரும் சின்டாக்ஸ் (கட்டளை வரிகள்) கோப்பைச் சேமித்து வையுங்கள். வழிகாட்டி ஒரு மாணவரின் மதிப்பெண்ணைத் திருத்தச் சொன்னால், அதை ஒரு முறை ஓட்டினாலே எல்லா அட்டவணைகளும் புதிதாக வந்துவிடும்.