புதுப்பிப்பு: ஆமைக் கூண்டின் வெப்பநிலை சரியாகிவிட்டது

என் ஹெர்மன் ஆமை (ஒரு வகை நில ஆமை) நாள் முழுக்க மறைவிடத்திலேயே கிடக்கிறது, சாப்பிடுவதில்லை என்று கேட்டிருந்தேனே, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

பலன் தந்தது, கூண்டுச் சுவரில் அளக்காமல் விளக்குக்கு நேர் கீழே, ஓட்டின் உயரத்தில் அளக்கச் சொன்ன யோசனைதான். சுவரில் 30 டிகிரி செல்சியஸ் காட்டியபோது அங்கே 41! விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி 34-க்குக் கொண்டுவந்தேன், நிழல் பக்கம் இப்போது 23. இரவில் விளக்கை அணைத்துவிடுகிறேன், அறை 18-க்குக் கீழே இறங்குவதில்லை, இந்த இனத்துக்கு அது போதும்.

எதிர்பாராத ஒன்று: என்னுடையது வெப்பமும் புற ஊதாவும் சேர்ந்து வரும் பல்பு, அதனால் உயர்த்தியதும் புற ஊதாவும் குறைந்துவிட்டது. தனியாக ஒரு யுவிபி (ஒரு வகைப் புற ஊதாக் கதிர்) குழல் விளக்கு போட வேண்டியதாயிற்று, இதை யாரும் விட்டுவிடாதீர்கள். இப்போது காலையில் ஆமை நான்கு கால்களையும் நீட்டிப் படுத்துச் சூடு காய்கிறது, அப்புறம் நேராக இலைத் தட்டுக்குத்தான்.