பையனைக் கிளப்பியது கிணறுதானுங்க

போனும் கையுமாக இருக்கும் பிள்ளைகளை எழுந்து ஓடியாட வைத்தது எப்படி? மூன்று பேர் சொல்கிறார்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு அப்பா:
பையன் எட்டாவது. பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் போன். "வெளியே போய் விளையாடு" என்று சொல்லாத நாளில்லை. எங்கே போவான்? எங்கள் வீதியில் ரெண்டு பக்கமும் பனியன் கம்பெனி வேன்கள்தான் நிற்கும்.

கோடை லீவில் கோபி பக்கம் மாமனார் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டேன். ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தானாம். மூணாம் நாள் மாமனார் ஒரு பழைய சுரைப்புருடையை (தண்ணீரில் மிதக்கும் காய்ந்த சுரைக்குடுக்கை) தேடி எடுத்து அவன் முதுகில் கட்டி, இடுப்பில் கயிறு போட்டுக் கிணற்றில் இறக்கியிருக்கிறார். "காலை உதை சாமி, கையை அப்புறம் பாத்துக்கலாம்." எழுபது தாண்டிய மனுசன், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தண்ணீர் தொடும் படியிலேயே உட்கார்ந்திருப்பாராம். பத்து நாள் கழித்து நான் போனபோது புருடை படியில் கிடந்தது. பையன் மேல்திட்டிலிருந்து குதித்தான். எனக்குத்தான் ஈரக்குலை நடுங்கியது.

ஊருக்கு வந்தபின் கிணற்றுக்கு எங்கே போக? காலையில் ரெண்டு பேரும் சைக்கிள் எடுக்கிறோம். நான் தூங்கிவிட்டால் அவனும் தூங்கிவிடுகிறான், அதுதான் சங்கடம்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பி.டி. டீச்சர்:
5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும், வாரத்தில் 3 நாளாவது எலும்பும் தசையும் உரமேறுகிற மாதிரி குதித்து ஏறி விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்களுக்குக் கிடைப்பதோ வாரம் ரெண்டு பீரியட். பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் "இன்னிக்கு மட்டும் குடுத்துருங்க டீச்சர்" என்று வாசலில் நிற்பார்.

2016 கணக்குப்படி உலகத்தில் 11–17 வயதுப் பெண்களில் 85 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை; பையன்களில் 78. சோம்பல் என்று மட்டும் சொல்லாதீர்கள். என் பிள்ளைகள் த்ரோபாலை விட்டதற்குக் காரணம் சாயங்கால டவுன் பஸ். அதை விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு, எந்த வீட்டில் விடுவார்கள்? ஆட்டத்தைக் காலை எட்டு மணிக்கு மாற்றினேன். நாலு பேர் வந்த இடத்தில் இப்போது ரெண்டு டீம் நிற்கிறது.

தாராபுரத்திலிருந்து ஒரு அமிச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி):
நான் பேத்தியை ஒண்ணும் சொல்லவில்லைங்க. வாசலில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டு நானே நொண்டினேன். பத்து நிமிசத்தில் போனை வைத்துவிட்டு வந்து, "அமிச்சி, கோட்டை மிதிச்சுட்டீங்க, அவுட்டு" என்றாள். முட்டிக்கு இன்னும் தைலம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.