புதுப்பிப்பு: வீடியோ திக்கிய பழைய கம்ப்யூட்டர்

யாங்கோனில் எங்கள் தமிழ் வகுப்புக்குக் கிடைத்த பழைய கம்ப்யூட்டரில் வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது, கிராபிக்ஸ் கார்டை மாற்றணுமா என்று கேட்டிருந்தேன். வேண்டாம். கோளாறு இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில்தான்.

முன்பு வைத்திருந்தவர் லினக்ஸ் கர்னலை இளைக்க வைக்கிறேன் என்று புரோகிராம்கள் தங்களுக்குள் தகவல் பரிமாற உதவும் ‘சிஸ்டம் ஃபைவ் ஐபிசி’யையே அணைத்திருக்கிறார். புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகமான ஷேர்டு மெமரியும் அதோடு போய்விட்டது. அது இருந்தால், பிளேயர் படத்தை நினைவகத்தின் ஒரு பகுதியில் எழுதும். திரையில் படம் காட்டும் புரோகிராமான எக்ஸ் சர்வர் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் ஒவ்வொரு ஃபிரேமும் சாக்கெட் என்ற தகவல் குழாய் வழியாகப் போகணும். 640×480 அளவில், பிக்ஸலுக்கு 4 பைட் என்றால், ஒரு ஃபிரேம் சுமார் 1.2 எம்பி, நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 30 எம்பி. பாவம், அந்தக் கிழட்டு பிராசஸர் என்ன செய்யும்?

இந்த ஐபிசி வசதியை மாட்யூலாக, அதாவது கர்னல் ஓடும்போதே சேர்க்கும் துண்டாக, ஏற்ற முடியாது. கர்னலில் என்னென்ன வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கில் ‘ஜெனரல் செட்டப்’பில் இயக்கிவிட்டு, கர்னலை மூல நிரலிலிருந்து மறுபடி கம்பைல் செய்தேன். நடுவில் கரண்ட் போனது. இந்த ஊரில் அது சகஜம். புதுக் கர்னலில் இப்போது வீடியோ சரளமாக ஓடுகிறது.

ஒரு ஷேர்டு மெமரித் துண்டின் அளவு வரம்பான ஷம்மேக்ஸை உயர்த்தச் சொன்ன தம்பிக்கு: 2014-இல் வந்த 3.16 கர்னலிலிருந்து அந்த வரம்பு இயல்பாகவே மிகப் பெரியது. தொடத் தேவையில்லை.