ஜாவா: க்யூவில் கை மாறும் ஃபைலை யார் மூடுவது?

ஜாவா 17, லினக்ஸ். ஒரு த்ரெட் ஃபைலைத் திறந்து ரீடரை க்யூவில் போடுகிறது; இன்னொரு த்ரெட் எடுத்துப் படிக்கிறது. ஒரே மெத்தடுக்குள் திறந்து மூடுவதென்றால் ட்ரை-வித்-ரிசோர்சஸ் (ப்ளாக் முடிந்ததும் ஃபைலைத் தானே மூடும் அமைப்பு) போதும், கேள்வியே இல்லை. இங்கே க்யூவில் கிடக்கும்போதே டாஸ்க் கேன்சல் ஆனால் க்ளோஸ் கூப்பிட ஆளில்லை.

ஹீப் (ஆப்ஜெக்ட்கள் இருக்கும் மெமரி) 4 ஜிபி, பாதிகூட நிரம்புவதில்லை. ஓல்ட் ஜெனரேஷனுக்கு (ஹீப்பில் நெடுநாள் வாழும் ஆப்ஜெக்ட்களின் பகுதி) போய்விட்ட ரீடர்களை ஜிசி (பயன்படாத மெமரியை மீட்கும் கார்பேஜ் கலெக்டர்) தொடுவதே அபூர்வம். அதற்குள் யூலிமிட் (ஒரு ப்ராசஸ் திறந்து வைக்கக்கூடிய ஃபைல்களின் வரம்பு) 1024-ஐ எட்டி ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ விழுகிறது. ஜிசிக்கு மெமரி கணக்குதான் தெரியும், டிஸ்க்ரிப்டர் (திறந்த ஃபைலுக்கு ஓஎஸ் தரும் எண்) கணக்கு தெரியாது.

ஃபைனலைஸ் (ஆப்ஜெக்டை அகற்றுமுன் ஜிசி கூப்பிடும் மெத்தட்) வேண்டாம், ஜாவா 9-லேயே ஓரங்கட்டிவிட்டார்கள். க்ளீனர் (ஆப்ஜெக்டை யாரும் பிடித்திராதபோது மூடும் வேலையைச் செய்வது) போட்டாயிற்று, அதற்கு வேண்டிய ஸ்டேட் தனி ஸ்டாட்டிக் கிளாஸில்தான் இருக்கிறது (லாம்டா ‘திஸ்’-ஐப் பிடித்துக்கொண்டால் க்ளீனர் ஓடவே ஓடாது). ஆனால் அதுவும் ஜிசி வந்தால்தானே? மூடாமல் விட்டதை லாகில் காட்டிக்கொடுக்க மட்டும் உதவுகிறது.

ரீடருக்குப் பதில் பாத்தை மட்டும் க்யூவில் போட்டு, படிக்கிற த்ரெட்டே திறந்து மூடலாம் என்று யோசனை. சிக்கல், சில டெம்ப் ஃபைல்கள் திறந்த கையோடு அழிக்கப்படுகின்றன, பாத் செல்லாது. அந்த வகைக்கு என்ன செய்கிறீர்கள்? கேன்சலின்போது க்யூவைக் காலி செய்து ஒவ்வொன்றாக மூடுவதா? காலி செய்யும்போதே புதிதாக ஒன்று உள்ளே வந்தால்?