விழா மேடையில் தம்பிக்கு மைக் தரவில்லை. கமிட்டியில் சேர்க்கச் சொன்னது தப்பா?

கம்பம் அக்கா:
தம்பிக்கு வயது 26. டவுன் சிண்ட்ரோம். மாமாவின் வாழை இலைக் கடையில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறான். அவன் நூறு இலை எண்ணிக் கட்டினால் ஒன்று கூடாது, குறையாது. மாமா எண்ணினால்தான் குறையும்.

மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் தினம். 21வது குரோமோசோம் மூன்றாக இருப்பதால் மூன்றாம் மாதம் 21ஆம் தேதி. எங்கள் பெற்றோர் சங்கம் மண்டபம் பிடித்து விழா வைத்தது. வந்த விருந்தினர் தம்பி தோளில் கை போட்டபடியே அம்மாவிடம் கேட்கிறார்: "இவன் தானா சாப்பிடுவானா?" அப்புறம் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, தெய்வக் குழந்தைகள் என்று சொல்லி (மீசை வைத்த குழந்தை!), ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா கொடுத்து மேடையை விட்டு இறக்கிவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது தம்பி சொன்னது ஒன்றுதான். "மைக் தரல."

கமிட்டியில் ஒன்பது பேர், எல்லாரும் பெற்றோர். ஒரு இடம் தம்பி மாதிரி டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும் கொடுங்கள் என்றேன். "அவனுக்கு என்னம்மா தெரியும்?" என்றார் செயலாளர். நான் கேட்டது தப்பா? அவனை எப்படித் தயார் செய்வது? பேச்சு கொஞ்சம் குழறும்.

குமுளிக்காரன்:
தப்பே இல்லை. ஸ்பெயினில் மார் கால்செரான் என்ற பெண், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், 2023ல் வலென்சியா மாகாண சட்டமன்ற உறுப்பினரே ஆகிவிட்டார். 18 வயதில் கட்சியில் சேர்ந்தவர். உங்கள் செயலாளரிடம் சொல்லுங்கள். என் மகள் இங்கே கேரளாவில் பட்ஸ் பள்ளிக்குப் (அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான பள்ளி) போகிறாள். அதைப் பஞ்சாயத்தே நடத்துவதால், குறை இருந்தால் மெம்பரை வழியில் மறித்துக் கேட்கலாம். ஒரு வசதி!

செங்கோட்டை டீச்சர் (ஓய்வு):
இவர்களில் பலருக்குப் பேச வருவதைவிடப் புரிவது அதிகம். கண்ணால் பார்த்தது நன்றாக மனதில் நிற்கும். அதனால் எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வைக்காதீர்கள். மூன்று படம் போதும், படத்துக்கு ஒரு வரி, அவன் சொல்லும் வார்த்தையிலேயே. கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நாம்தான் அவசரப்பட்டுப் பதிலை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். கமிட்டிக் கூட்டத்தில் பேசப்போவதை முதல் நாளே அவனுக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஓட்டுப் போடுகிறானா? சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்திருந்தால்தான் பட்டியலில் பெயர் சேர்க்க மாட்டார்கள். டவுன் சிண்ட்ரோம் என்பதற்காக மட்டும் மறுக்க முடியாது.

போடி அம்மா:
என் மகள் கூட்டத்தைப் பார்த்தாலே காதைப் பொத்திக்கொள்வாள். மைக் ஆசை உங்களுக்கா, தம்பிக்கா? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கம்பம் அக்கா:
கோபம் இல்லை, அக்கா. உங்கள் கேள்வி இரண்டு நாள் தூங்க விடவில்லை. டீச்சர் சொன்னபடி அவனிடமே கேட்டுவிட்டு, பத்து வரை எண்ணினேன். ஏழிலேயே பதில் வந்தது. "பேசணும்." என்ன பேசணும்? பர்ஸ் படத்தைத் தொட்டுக் காட்டினான். "என் கூலி. என் கையில."

மாமா சனிக்கிழமை தோறும் கூலியை அம்மா கையில்தான் கொடுக்கிறார். ஆறு வருடமாக! சங்கத்தைக் குறை சொல்ல வந்தேன், விஷயம் வீட்டுக்குள் இருக்கிறது. மாமாவிடம் இதை எப்படி ஆரம்பிப்பது?

செங்கோட்டை டீச்சர் (ஓய்வு):
2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 13வது பிரிவு. தன் பணத்தைத் தானே நிர்வகிக்க மற்றவர்களைப் போல அவனுக்கும் உரிமை உண்டு. ஆனால் சட்டத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், மாமா முறுக்கிக்கொள்வார். தம்பியையே கேட்கச் சொல்லுங்கள்.

கம்பம் அக்கா:
கேட்டான். மாமா சிரித்தார், அப்புறம் சிரிக்கவில்லை. இந்தச் சனிக்கிழமை கூலி அவன் கைக்கே வந்தது. எங்கள் நாலு பேருக்கும் பரோட்டா வாங்கி வந்து, மீதியை டப்பாவில் போட்டு மூடினான். அதே எவர்சில்வர் டப்பா.